மாலை வகுப்பில் பத்தாம் வகுப்பு: நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதியில் படிப்பை விட்டவர்களைப் பத்தாம் வகுப்புத் தேற வைக்க வேண்டும் என்ற ஆசை காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பலருக்கும் உண்டு. இடம் கிடைக்கிறது. சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் முன்வருகிறார்கள். அப்படியும் ஒரு வகுப்பு தைப்பொங்கலைத் தாண்டாமல் கலைந்து போனால், பெரும்பாலும் பாடம் அதற்குக் காரணம் அல்ல. பகலில் உழைத்துவிட்டு வருபவருக்குப் பள்ளிக்கூடத்தை அப்படியே மாலைக்கு மாற்றிக் கொடுப்பதுதான் காரணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காகிதங்களைப் பார்க்காமல் பாடத்தைத் தொடங்குவது. பத்தாம் வகுப்பை முதன்முறையாக, பள்ளியில் சேராமல் நேரடித் தனித்தேர்வராக எழுதுபவர், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். மாவட்டக் கல்வி அலுவலகம் ஒதுக்கும் பள்ளியில் பயிற்சி நடக்கும். 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தத்தில் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. ஆண்டு முழுவதும் மின்னோட்டமும் ஒளியியலும் நடத்திவிட்டு, விண்ணப்பம் போடும் நாளில் செய்முறைப் பதிவு இல்லை என்று தெரிந்தால், அந்த ஓராண்டு உழைப்பு என்ன ஆவது? கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே முதல் வாரத்தில் கரும்பலகை வேண்டாம். மாற்றுச் சான்றிதழோ பதிவுத்தாளோ இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா, தேர்வுக்கு வேண்டிய பதினான்கரை வயது ஆகிவிட்டதா என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள். எட்டாம் வகுப்பையே முடிக்காதவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு தனியாக இருக்கிறது. அவர்களைப் பத்தோடு சேர்த்து உட்கார வைத்துத் திணறடிக்கக் கூடாது.

அடுத்தது, புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் பழக்கம். கணக்கில் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். பல ஆண்டுகளாகப் பேனா பிடிக்காதவர் அந்தக் குறியீடுகளைப் பார்த்ததுமே மறுநாள் வரமாட்டார். வடிவியல் வரைதலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இவை மட்டுமே முப்பது மதிப்பெண் ஆகிறது. வரைதலில் தொடங்குங்கள். ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யக் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒரு நிறம் மற்றொன்றில் கலக்காமல் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிற கைக்கு, காம்பஸ் பிடித்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது எத்தனை நாளில் வந்துவிடும் என்று பாருங்கள். அந்தப் படம் சரியாக அமைந்த அன்றுதான் அவருக்குத் தன் மேல் நம்பிக்கை வருகிறது. அதற்குப் பிறகு சூத்திரம் சொன்னால் காதில் ஏறும்.

வீட்டில் கிடக்கும் பழைய கைடுகளைக் கொடுக்காதீர்கள். 2019-20ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களே மாறிவிட்டன. தமிழும் ஆங்கிலமும் இரண்டு தாளாக இருந்தது ஒரே தாள் ஆகிவிட்டது.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது நம் ஊருக்கே உரியது. வெளியூரில் இருக்கும் உறவினர் பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டைத் திறந்துவிடச் சொல்வார். நல்ல மனம்தான். ஆனால் அந்த வீட்டுக்குப் பின்கட்டு வழியாகவே வேலைக்கு வந்துபோன ஒரு பெண்ணுக்கு, முகப்பில் பாய் விரித்து உட்காரக் கால் வராது. அரசுப் பள்ளியின் வகுப்பறையோ ஊர்ப் பொது மண்டபமோ மேல். வாசலில் ‘இடைநின்றோர் வகுப்பு’ என்று பேனர் கட்டி, வந்தவர்களைப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். மகனோடு சேர்ந்து பத்தாம் வகுப்பு எழுதப் போகும் தாய், அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போக விரும்பமாட்டார்.

நேரத்தை ஆசிரியரின் வசதிக்கு வைக்கக் கூடாது. அரிசி ஆலையில் ஷிப்ட் முடிவதையும், கிராமத்துக்குக் கடைசி பஸ் புறப்படுவதையும் கேட்டுக்கொண்டு வையுங்கள். முகூர்த்த மாதங்களில் சமையல் வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து நாள் வரமாட்டார்கள். ‘ஏன் வரவில்லை’ என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அத்தோடு நின்றுவிடுவார்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி-பங்குனித் திருவிழாவும் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே வருகிறது. பால்குடம் எடுப்பவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. திருப்புதலை மாசிக்கு முன்பே முடித்துவிடுவதுதான் வழி.

ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாதவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு இருக்கிறது. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகளுக்குள் பாடம் பாடமாக முடிக்கலாம். அந்தச் சான்றிதழ் அவர் நினைக்கிற வேலைக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கடைசியாக, தேர்வோடு வகுப்பை மூடிவிடுவது. ஒரு பாடத்தில் தவறியவர் அந்த ஒன்றை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும். ஆனால் முடிவு வந்து சில வாரங்களிலேயே அந்தத் தேர்வு வந்துவிடுகிறது. விண்ணப்ப நாட்களோ இன்னும் குறைவு. முடிவு வெளியான அன்று மாலையே வகுப்பைத் திறந்து வையுங்கள், தவறியவர் வராவிட்டால் வீடு தேடிப் போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.