கோத்தகிரி சங்க வகுப்பில் ஐஸ் ஹாக்கிச் சம்பளக் கணக்கு

வகுப்பெடுக்க, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் 2004-05 சீசனே சரி. முழுசாக ரத்தானது. அது ஸ்டிரைக் இல்லை, கதவடைப்பு, பூட்டியவர்கள் முதலாளிகள். இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள். முடிவில் சம்பள உச்சவரம்பு வந்தது, இருந்த ஒப்பந்தங்களில் 24 சதவீதம் வெட்டு.

2013-இல் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்கு, மேஜையில் 100 தேயிலை விதை வையுங்கள்: அதுதான் லீக் வருமானம். வீரர்கள் பங்கு 50. அவர்கள் தனித்தனிச் சம்பள ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை 55 என்று வைத்துக்கொண்டால், கூடுதலான 5-ஐ 55-ஆல் வகுக்க வேண்டும்: ஒவ்வொருவர் சம்பளத்திலும் சுமார் 9.1 சதவீதம் பிடித்தம். 50-ஆல் வகுத்து 10 என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள்.

பிடித்தம் முன்கூட்டியே எஸ்க்ரோ கணக்கில், அதாவது கணக்கு முடியும்வரை பணத்தை நிறுத்திவைக்கும் கணக்கில், போய்விடும். நம் தேயிலைப் பச்சிலை எடையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது திரும்பாது. ஆனால் எஸ்க்ரோவில் கூடுதலாகப் பிடித்தது, வருமானக் கணக்கு முடிந்ததும் திரும்பும்.