சாடைப் பிரசங்கமும் இன்னும் சில தவறுகளும்: இளம் போதகர்களுக்கு

முதல் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) இரண்டு மூன்று வருடம் தள்ளிய இளம் போதகர்கள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருவார்கள். போதகர் குடியிருக்கிற குருமனையின் கூரை ஒழுகுகிறது, சம்பளம் தாமதம், கமிட்டியில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மனைவி ஊரோடு போய்விடலாம் என்கிறாள். கதை ஏறக்குறைய ஒன்றுதான். கஷ்டமே வராமல் இருக்க என்னிடம் வழி ஏதும் இல்லை. ஆனால் வந்த கஷ்டத்தின்மேல் நாமே இழுத்துப் போட்டுக்கொள்கிற கஷ்டம் என்று ஒன்று உண்டு. அதில் எங்கள் தலைமுறை செய்ததையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஜெபிக்க மறக்காதே, காணிக்கைக் கணக்கை எழுதி வை, அடக்க ஆராதனைக்கு நேரத்துக்குப் போ என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வந்திருக்கக் கூடாது.

எல்லா எதிர்ப்பையும் உபத்திரவம் என்று எண்ணுவது

ஒரு தம்பி விடியற்காலை ஐந்து மணிக்கு ஆலயக் கோபுரத்து ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார். பக்கத்துத் தெருக்காரர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அடுத்த ஜெபக்கூட்டத்தில் “நமக்கும் உபத்திரவம் ஆரம்பித்துவிட்டது” என்று இவர் சாட்சி சொல்கிறார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இப்படி ஊருக்கே கேட்க ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அம்மன் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நமக்கும் அதே விதிதான்.

பாடுபடுவதைப் பற்றி எழுதுகிற பேதுருவே, அடுத்தவர் காரியத்தில் தலையிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை (1 பேதுரு 4:15). வீட்டு ஜெபக்கூட்டத்துக்குள் கும்பல் புகுந்து அடிப்பதற்குப் பெயர் உபத்திரவம். அதை அனுபவித்த ஊழியர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். மைக் தகராறுக்கு அந்தப் பெயரை வைத்தால் அவர்கள் பட்டதற்கு என்ன பெயர் வைப்பது?

சாடைப் பிரசங்கம்

உண்மையைச் சொன்னால் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாரத்தில் யாரோ ஒருவர் மனதைப் புண்படுத்திவிடுகிறார். செயலர் எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசுகிறார், அல்லது பாடகர் குழுத் தலைவர் மெசேஜுக்குப் பதிலே போடுவதில்லை. ஞாயிறு வருகிறது. முன்னால் மைக். மூன்றாவது பெஞ்சில் அந்த ஆள். ஊரில் எங்கே நின்று பேசினாலும் எதிர்ப்பேச்சு வரும். யாரும் எழுந்து பதில் சொல்லாத ஒரே இடம் பிரசங்க பீடம்தான். நாக்கு துறுதுறுக்கிறது. பெயர் சொல்லாமல் சொல்ல வேதாகமத்தில் ஆளுக்கா பஞ்சம்? கேள்வி கேட்டவருக்கு மோசேயை எதிர்த்த கோராகு, குரலை உயர்த்திய பெண்ணுக்குத் தீர்க்கதரிசிகளைக் கொன்ற ராணி யேசபேல், முன்வரிசை தேடுகிறவருக்குச் சபையில் முதன்மையை விரும்பிய தியோத்திரேப்பு. சூடு இன்னும் ஏறினால் தீர்க்கதரிசி எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளின்மேல் பாய்ந்த அந்த இரண்டு கரடிகளையும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் நடந்தது ஒன்று. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வாங்கிய அரிசி மூட்டைகளுக்கு ரசீது எங்கே என்று பொருளாளர் கேட்டார். கேட்ட விதம் சரியில்லைதான். அந்த ஞாயிறு நம் தம்பி, பணப்பை வைத்திருந்த யூதாஸைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கித்தார். பை யார் கையில் இருந்ததோ அவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று திரும்பத் திரும்ப வந்ததாம். பொருளாளர் அசையவே இல்லை. வாசலில் கைகுலுக்கி, “நல்ல செய்தி ஐயா, சில பேருக்கு உறைக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உறைத்தது வேறொருவருக்கு. பெண்கள் ஐக்கியத்தின் கைப்பிடி அரிசிப் பணத்தை (சமைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிற காணிக்கை) வருடக்கணக்காகச் சேர்த்து வைத்துவந்த ஒரு விதவைத் தாயார், அன்று மாலையே சுருக்குப்பையோடு குருமனைக்கு வந்தார். நோட்டையும் சில்லறையையும் எண்ணி மேசையில் வைத்து, “என்மேல சந்தேகம்னா நேரா கேட்டிருக்கலாமே ஐயா” என்றார். தம்பி பதறிப்போய் எவ்வளவோ சொல்லியும் அவர் அந்தப் பொறுப்பை மறுபடி ஏற்கவில்லை. கொஞ்ச நாளில் கைப்பிடி அரிசியே நின்றுபோனது.

சாடை போய்ச் சேருகிற விலாசம் எப்போதும் இப்படித்தான் மாறிப்போகும். யாருக்காகச் சொன்னீர்களோ அவர் அடுத்தவருக்கு என்று நினைப்பார். மனசாட்சி மெல்லியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இப்போது நேரலை வேறு. அரை நிமிடத்தை வெட்டி, மதியச் சாப்பாடு முடிவதற்குள் துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் அங்கிருந்து கொதித்துப்போய்ப் பெரியப்பாவுக்குப் போன் போடுகிறான். உங்களுக்கும் ஒரு மனிதருக்கும் இருந்த மனஸ்தாபம், சாயங்காலத்துக்குள் ஒரு குடும்பமே உங்கள்மேல் வைத்த வருத்தமாகிவிடும்.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதுகூட இல்லை. அதே ஞாயிறு அதே ஆலயத்தில், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மகளுக்கு வரன் தட்டிப்போன தாய் இருக்கிறாள். அவர்களுக்கென்று வாரத்தில் கிடைப்பதே அந்த அரை மணி நேரம். அதை எடுத்து ரசீதுச் சண்டைக்குச் செலவு செய்கிறோம். அப்புறம், சபையில் ஆவிக்குரிய தாகம் இல்லை என்று தம்பிமார் என்னிடமே வந்து சொல்கிறார்கள்.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: “பவுலே பெயர் சொல்லி எழுதினாரே!” எழுதினார்தான். சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் கூட ஊழியம் செய்த தேமா விட்டுப் போனதையும், கன்னானாகிய (செம்பு வேலை செய்கிற) அலெக்சந்தர் தனக்குச் செய்த தீமையையும் சொல்கிறார். ஆனால் யாரிடம் சொல்கிறார்? அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஒரு இளைய ஊழியனிடம், பெயரோடு, நேராகச் சொல்கிறார். பதில் செய்வதைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறார். இரண்டு வசனம் தள்ளி, முதல் விசாரணையில் தன்னைக் கைவிட்ட எல்லாருக்காகவும் அந்தக் குற்றம் அவர்கள்மேல் வராதிருக்கட்டும் என்கிறார். பேதுருவோடு முரண்பட்டபோதும் முகத்துக்கு முகமாகவே நின்றார் (கலாத்தியர் 2:11). நேருக்கு நேர் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பீடத்தின் உயரத்தில் நின்று சாடை பேச அது தேவையில்லை, அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வருகிறது.

இன்னொரு பதில், அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதீர்கள் என்ற சங்கீத வசனம். 105-ஆம் சங்கீதத்தை முழுதாகப் படியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று ஊர் ஊராக அலைந்த பரதேசிகளுக்காக ராஜாக்களைக் கடிந்துகொண்ட வசனம் அது. அரிசி ரசீதுக்கு அதில் பாதுகாப்பு இல்லை.

இந்த விஷயத்தில் நான் தம்பிமாருக்கு எப்போதும் சொல்கிற ஆள் இங்கிலாந்தின் சார்லஸ் சிமியோன். 1782-ல், 23 வயதில், கேம்பிரிட்ஜ் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் பொறுப்பேற்றார். சபையார் கேட்டதோ அங்கே ஏற்கெனவே இருந்த உதவிகுருவை. அந்தக் காலத்து ஆலயங்களில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, அதற்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. பூட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வந்தவர்கள் உட்கார இவர் நடைபாதையில் பெஞ்சுகள் போட்டார். ஆலயக் காப்பாளர்கள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்தையும் சுமார் 12 ஆண்டுகள் இவருக்குக் கொடுக்காமல் வேறு ஆட்களுக்கே கொடுத்தார்கள். அந்த நாட்களில் தன் மனதைக் கட்டிவைத்த வசனம் எது என்று அவர் பின்னாளில் சொன்னார்: கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபோடுகிறவனாக இருக்கக் கூடாது என்ற 2 தீமோத்தேயு 2:24. சிறையில் இருந்த ஒரு மூத்தவர், எதிர்ப்பின் நடுவில் இருந்த இளையவனுக்கு எழுதின வரி, ஆயிரத்தெழுநூறு வருடம் கழித்து இன்னொரு இளையவனைக் காப்பாற்றியிருக்கிறது. 1836-ல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள், சிமியோன் அதே ஆலயத்தில்தான் இருந்தார். இளைஞர்கள் வெள்ளிக்கிழமைகளில் தேநீர் குடிக்கவும் கேள்வி கேட்கவும் அவர் அறைக்கு வருவார்கள். அதில் சிலர் பின்னாளில் இந்தியாவுக்குக் குருக்களாக வந்தார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பாடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். திருமண்டலப் பஞ்சாங்கம் (ஞாயிறுதோறும் வாசிக்க வேண்டிய வேதபாடங்களின் அட்டவணை) அந்த ஞாயிற்றுக்குக் கொடுத்திருக்கிற பாடத்தையே எடுங்கள். தனிச்சபைப் பாஸ்டராக இருந்தால் ஒரு புத்தகத்தை எடுத்து அதிகாரம் அதிகாரமாகப் போங்கள். செவ்வாய்க்கிழமைச் சண்டையால் ஞாயிற்றுக்கிழமை வசனத்தை மாற்ற முடியாது. எழுதும்போது ஒரு பத்தியில் ஒரு முகம் தெரிந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு அருமையாக வந்திருந்தாலும். சில சமயம் முறைப்படி வந்த பாடமே ஒருவர்மேல் பாய்கிற மாதிரி அமைந்துவிடும். அப்படியானால் சனிக்கிழமையே அவரைப் பார்த்து, “அண்ணாச்சி, நாளைக்குப் பாடம் இதுதான் வருது, உங்கள மனசுல வச்சு இல்ல” என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, பாதிச் சண்டை அந்தத் திண்ணையிலேயே முடிந்திருக்கிறது.

மற்றபடி மத்தேயு 18-ல் சொன்ன முறைதான். ஞாயிற்றுக்கு முன்னால், தனியாக, அவர் வீட்டுக்கே போங்கள். முதல் தடவையே கோயில்பிள்ளையையும் (ஆலயப் பணியாளரையும்) இரண்டு கமிட்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து. காப்பி கொடுத்தால் குடியுங்கள். உண்மையிலேயே பணம் கையாடப்பட்டிருந்தால் அதற்குக் கமிட்டி இருக்கிறது, சாட்சிகள் வேண்டும், தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுத வேண்டும். பீடத்துக்கு அதில் வேலை இல்லை.

ஜெபத்திலும் இது உண்டு, அது இன்னும் மோசம். “ஆண்டவரே, இந்த ஊழியத்துக்குத் தடையாக இருக்கிறவர்களை நீரே பார்த்துக்கொள்ளும்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. பேசுவது ஆண்டவரிடம், காது கொடுக்கச் சொல்வது மூன்றாவது பெஞ்சை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சூரிய உதயப் படத்தோடு போடுகிற வசனங்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பேசிவிட்டீர்களா? வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது இரண்டாவது சாடை.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம்

புதன்கிழமை வரை எழுதாதீர்கள்.

வட்டிக்கு வாங்கி ஆலயம் கட்டுவது

கூடாது. விளக்கம் வேண்டுமானால், கட்டிவிட்டு வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிற போதகர் எல்லாத் தாலுகாவிலும் ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

உடம்பை விட்டுவிடுவது

சர்க்கரை 300-ஐத் தாண்டியும் உபவாசக் கூட்டத்தை விடமாட்டேன் என்கிறார் ஒரு தம்பி. கேட்டால் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கைச் சொல்கிறார். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, டேனிஷ் கோட்டைத் தளபதியின் பகையால் மாதக்கணக்கில் சிறையில் கிடந்து, நோயோடு போராடி, 1719-ல் 36 வயதில் போய்ச் சேர்ந்தவர். அவருக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கவில்லை தம்பி, உங்களுக்கு இருக்கிறது. அதே தரங்கம்பாடிக்கு 1750-ல் வந்த இன்னொரு மிஷனெரி சுவார்ட்ஸ், 1798-ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை 48 ஆண்டுகள் ஊழியம் செய்தார். அவரை யாரும் உதாரணம் காட்டக் காணோம். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று பவுல் நிருபத்திலேயே எழுதினார். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதைப் பிசாசின் போராட்டம் என்று யாராவது சொன்னால், மாத்திரையைப் போட்டுக்கொண்டே அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

மனைவி பிள்ளைகளை உங்கள் வைராக்கியத்துக்குப் பட்டினி போடுவது

அழைப்பு வந்தது உங்களுக்கு. ஸ்கூல் ஃபீஸ் கட்டாமல் வகுப்புக்கு வெளியே நிற்பது உங்கள் மகள்.

உதவியைப் பொத்தாம்பொதுவாகக் கேட்பது

“எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று குரூப்பில் போடுவார்கள். ஐம்பது கும்பிட்ட கைகள் வரும். யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. பவுல் கேட்கிற விதத்தைப் பாருங்கள்: துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கி வேண்டும், புத்தகங்கள் வேண்டும், வரும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு. பொருள், இடம், ஆள், நாள் எல்லாம் அதில் இருக்கிறது. நீங்களும் அப்படியே கேளுங்கள். “எனக்குக் காய்ச்சல், வர்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நீங்க எடுத்துக்க முடியுமா?” “பாப்பா ஃபீஸுக்கு இந்த மாசம் இவ்வளவு குறையுது.” முதலில் பக்கத்துச் சேகரத்துப் போதகரிடம் கேளுங்கள், அவருக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். அடுத்தது உங்களோடு படித்தவர்களிடம். சபையில் வசதியானவரிடம் கடைசியாகப் போங்கள். அவர் கொடுப்பார். அப்புறம் அசனத்துக்கு எந்தக் கடையில் அரிசி வாங்குவது என்பதையும் அவரே சொல்வார்.