வீட்டில் கலந்த வேப் லிக்விட் தொண்டையைக் கமறுகிறதா?

வேப் எனும் மின் சிகரெட்டுக்குக் கலந்த லிக்விட் கமறினால் பலரும் உடனே பாட்டிலில் இன்னும் கொஞ்சம் வி.ஜி. (கெட்டியான காய்கறிக் கிளிசரின்) ஊற்றிக் குலுக்குகிறார்கள். கமறல் சற்றுத் தணியும். காரணம் அப்படியே கிடக்கும், சுவையும் நீர்த்துவிடும். கமறலுக்குக் காயில் (லிக்விட்டை ஆவியாக்கும், பஞ்சு வைத்த கம்பிச்சுருள்), நிக்கோடின், அளவு, ஃப்ளேவர் என நான்கு இடங்கள் உண்டு. எது என்று தெரிந்த பிறகுதான் பாட்டிலில் கை வைக்க வேண்டும்.

இது பிரிட்டனில் கடைகளில் நிக் ஷாட் (சிறு பாட்டிலில் வரும் நிக்கோடின் கரைசல்) வாங்கிக் கலக்கும், சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய பெரியவர்களுக்கானது. இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டின் தயாரிப்பும் விற்பனையும் தடை செய்யப்பட்டவை. புகைக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

முதலில் காயில். புதுக் காயிலைப் போட்டு, அதே நிக்கோடின் அளவுள்ள, ஏற்கெனவே இதமாக இருந்த கடை லிக்விட்டை ஊற்றி இழுத்துப் பாருங்கள். அதுவும் கமறினால் உங்கள் கலவை மேல் தப்பில்லை. பஞ்சு ஓரங்களில் நான்கைந்து சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் ஊறவிட்டீர்களா? 70% வி.ஜி. உள்ள கெட்டி லிக்விட் 1 ஓம் காயிலின் சிறிய துளைகளில் இறங்கத் திணறும், பஞ்சு வறளும். வறண்ட பஞ்சில் கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் உண்டாகும். வாணலியில் எண்ணெய் புகையும்போது கண்ணையும் தொண்டையையும் எரிப்பதும் இதே பொருள்தான். 1 ஓம் காயிலுக்கு, வி.ஜி.யும் அதைவிட நீர்த்த பி.ஜி.யும் (புரொப்பிலீன் கிளைக்கால்) சரிபாதி உள்ள 50/50 கலவையே சரி.

அடுத்து நிக்கோடின். சாதாரண நிக் ஷாட்டில் இருப்பது காரத்தன்மையுள்ள ஃப்ரீபேஸ் நிக்கோடின், தொண்டையில் உறைக்கும். நிக்கோடின் சால்ட் வகையில் பெரும்பாலும் பென்சாயிக் அமிலம் சேர்ந்திருப்பதால் அது இதமாக இறங்கும். கருவியையும் பாருங்கள்: மி.லி.க்கு 12 மி.கி. ஃப்ரீபேஸ் 1 ஓம் காயிலில், 12 வாட்டில் தாங்கும். அதையே 0.2 ஓம் காயிலில் 60 வாட்டில் இழுத்தால் யாருக்கும் இருமல் வரும். அங்கே 3 மி.கி. போதும். பழைய நிக்கோடினைச் சந்தேகப்படுங்கள். மஞ்சள் தாண்டிப் பழுப்பாகி, மூடியைத் திறந்ததும் மிளகு நெடி அடித்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்தது. எந்த ஃப்ளேவராலும் அதை மறைக்க முடியாது. இருட்டில், குளிரில், மூடி இறுக்கி வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். கையாளும்போது நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்டால் உடனே கழுவுங்கள்.

ஒரே பாட்டிலில் ஒரு இழுப்பு இதமாகவும் அடுத்தது உறைப்பாகவும் இருந்தால் நிக்கோடின் சரியாகக் கலக்கவில்லை. வி.ஜி. கெட்டியானது, அவ்வளவு எளிதில் கலந்துகொடுக்காது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று வைத்து, இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள்.

அளவுப் பிழைதான் நாம் அதிகம் கவனிக்காமல் விடுவது. 30 மி.லி. கலவை, மி.லி.க்கு 3 மி.கி. நிக்கோடின், 70/30 (வி.ஜி. 70%, பி.ஜி. 30%), ஃப்ளேவர் 10% என்று வைத்துக்கொள்வோம். 70/30 அடித்தளத்தில் உள்ள 18 மி.கி. நிக் ஷாட் 5 மி.லி., பி.ஜி.யில் கரைத்த ஃப்ளேவர் 3 மி.லி., வி.ஜி. 17.5 மி.லி., பி.ஜி. 4.5 மி.லி. வேண்டும். மற்றவற்றை சிரிஞ்சில் எடுத்துவிட்டு, ஒட்டும் வி.ஜி.யை மட்டும் தராசில் 17.5 கிராம் நிறுத்தால் என்ன ஆகும்? வி.ஜி. ஒரு மி.லி. 1.26 கிராம். ஆக உள்ளே போனது 13.9 மி.லி. மட்டுமே. மொத்தம் 26.4 மி.லி. ஆகி, நிக்கோடின் 3.4 மி.கி.க்கும் ஃப்ளேவர் 11.4%க்கும் ஏறும், வி.ஜி. 66%க்கு இறங்கும். மூன்றும் கமறல் பக்கமே தள்ளும். 0.01 கிராம் காட்டும் தராசில் வி.ஜி. 22.05 கிராம் வர வேண்டும்.

ஃப்ளேவரில் லவங்கப்பட்டை, மெந்தால், எலுமிச்சை வகைகள் இயல்பிலேயே சுள்ளென்று இருக்கும். லவங்கப்பட்டை பிளாஸ்டிக் டேங்கையே விரிசல் விடச் செய்யும். அதை 1%க்குக் கீழே தொடங்குங்கள். சுவை வரவில்லையே என்று 20% வரை ஏற்றுவது தவறு, கமறல்தான் கூடும். ஆல்கஹாலில் கரைத்த ஃப்ளேவர் என்றால், நிக்கோடின் சேர்க்கும் முன்பே கலவையைச் சில மணி நேரம் மூடி திறந்து வைத்து ஆவியாக விடுங்கள். நிக்கோடின் சேர்த்த பிறகு திறந்து வைத்தால் அது காற்றுப்பட்டுக் கெடும்.

இன்னும் புரியவில்லை என்றால் மூன்று 10 மி.லி. பாட்டில் போதும். முதலாவதில் வி.ஜி. 7, பி.ஜி. 3 மட்டும். இரண்டாவதில் அதே கலவை 8.3 மி.லி., நிக் ஷாட் 1.7 மி.லி. மூன்றாவதில் வி.ஜி. 7, பி.ஜி. 2, ஃப்ளேவர் 1, நிக்கோடின் இல்லாமல். முதலாவதே கமறினால் உங்களுக்கு பி.ஜி. ஒத்துக்கொள்ளவில்லை, முழு வி.ஜி. நிக் ஷாட் வாங்கி, கெட்டி லிக்விட்டுக்கு ஏற்ற காயிலில் பயன்படுத்துங்கள். இரண்டாவது கமறினால் நிக்கோடின், மூன்றாவது என்றால் ஃப்ளேவர். மூன்றும் இதமாக இருந்து முழுக் கலவை மட்டும் உறைத்தால் மூடி இருட்டில் வையுங்கள்: பழ வகைக்குச் சில நாள், கஸ்டர்ட் வகைக்கு மூன்று வாரம் வரை.

கலந்துவிட்ட 30 மி.லி.யைக் காப்பாற்ற, நிக்கோடினும் ஃப்ளேவரும் இல்லாத அதே 70/30 கலவையை 15 மி.லி. சேர்க்கலாம், நிக்கோடின் 2 மி.கி., ஃப்ளேவர் 6.7% ஆகும். பழுப்பான நிக்கோடினில் செய்தது, சமையல் எசென்ஸோ எண்ணெயில் கரைத்த ஃப்ளேவரோ விழுந்தது, இரண்டையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் லிப்பாய்டு நிமோனியா வரலாம். எல்லாம் சரிபார்த்த பிறகும் இருமலோ நெஞ்சு இறுக்கமோ தொடர்ந்தால் வேப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.