கணக்கு டியூஷன்: பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும்

ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வரவில்லை என்று டியூஷனுக்கு அனுப்புவார்கள். சறுக்கிய இடம் பெரும்பாலும் தொடக்கப் பள்ளிப் பின்னத்திலோ கழித்தலிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பள்ளிப் பாடத்தையே திரும்ப நடத்தினால் நேரம்தான் போகும்.

அதனால் முதல் நாள் பாடம் எடுக்காதீர்கள். எட்டுப் பத்து சின்னக் கணக்குகள் கொடுங்கள்: 402 − 178; 1/2 + 1/3; 0.35, 0.8 இவற்றில் எது பெரியது; −3 − 5; 8 + 4 = □ + 5. மதிப்பெண் வேண்டாம். ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். அழித்துவிட்டால் பிள்ளை யோசித்த வழி தெரியாது.

தப்பான விடைதான் அதிகம் சொல்லும். 402 − 178க்கு 376 வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை. 8 + 4 = □ + 5 கணக்கின் கட்டத்தில் 7க்குப் பதில் 12 வந்தால், பிள்ளை சமக்குறியை 'விடை இதோ' என்று படிக்கிறது. இந்தப் பிள்ளைக்குச் சமன்பாடு நடத்தினால், 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்பதை மனப்பாடம்தான் செய்யும்.

1/2 + 1/3க்கு 2/5 என்று எழுதினால் உடனே மீ.பொ.ம.வுக்கு (மீச்சிறு பொது மடங்கு) தாவ வேண்டாம். "2/5 அரையைவிடப் பெரியதா, சின்னதா?" என்று கேளுங்கள். அரையோடு இன்னொன்றைக் கூட்டியும் அரையைவிடக் குறைந்திருப்பதைப் பிள்ளையே பார்க்கட்டும். பிறகு 12 செ.மீ. காகிதப் பட்டை ஒன்று. அதில் பாதி 6, மூன்றில் ஒரு பங்கு 4, சேர்த்தால் 10. அதாவது 10/12, சுருக்கினால் 5/6. பகுதிகளை (பின்னத்தின் கீழ் எண்களை) ஏன் சமமாக்குகிறோம் என்பது அப்போதுதான் பிடிபடும். மீ.பொ.ம. அதற்கு அப்புறம்.

ஒரு மணி நேர வகுப்பில் முதல் பத்து நிமிடம் போன வாரத்துக் கணக்குகளுக்கு. அடுத்து, முழுக்கச் செய்து காட்டிய கணக்கு ஒன்று, பாதியில் விட்டது ஒன்று, பிள்ளையே தனியாகச் செய்வது மூன்று. கடைசியில் பழையதும் புதியதும் கலந்து ஐந்து. ஒரே மாதிரிக் கணக்கையே வரிசையாகப் போடும் பிள்ளைக்கு எந்த முறையை எப்போது எடுப்பது என்று தெரியாது. வகுப்பில் சரியாக வந்தது பரீட்சையில் தப்புவது இதனால்தான்.

கேள்வி கேட்டதும் பத்து விநாடியாவது வாய் திறக்காதீர்கள். மிகவும் கடினமான வேலை இதுதான். பிள்ளை திணறினால் அடுத்த ஒரு படிக்கு மட்டும் குறிப்புச் சொல்லுங்கள். பென்சிலை வாங்கி நீங்களே முடித்துக் கொடுத்தால் நோட்டில் விடை சரியாக இருக்கும், பிள்ளைக்கோ 'என்னால் முடியாது' என்பது இன்னும் உறுதிப்படும்.

பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்பதைவிட, "முதலில் பகுதிகளைச் சமமாக்கினாய், அதனால் வந்தது" என்பது உதவும். மறுபடி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து, எண்களை மட்டும் மாற்றி அதே முதல் நாள் தாளைக் கொடுங்கள். பழைய தப்பு அப்படியே இருந்தால் பயிற்சிக் கணக்கைக் கூட்டாதீர்கள். ஒரு படி கீழே இறங்கி அங்கிருந்து ஆரம்பியுங்கள்.