காலையில் முதல் சிறுநீரைக் கிளினிக்குக்கு ஒழுங்காகக் கொண்டுபோவது எப்படி

என் அண்ணனுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதற்கு முன்பே சிறுநீரில் புரதம் போகிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கிட்னி சமாச்சாரம்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிய நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு இரண்டும் எனக்கும் உண்டு.

டாக்டர்தான் புரிய வைத்தார். சிறுநீரகத்தின் வடிகட்டியே பொடிப்பொடி ரத்தக் குழாய்கள்தான். கொதிப்பும் இனிப்பும் அவற்றின் உட்சுவரைக் கெடுத்தால் அல்புமின் என்ற புரதம் ஒழுகும். மூளையில் இருக்கும் சின்னக் குழாய்களையும் அதே கொதிப்புதான் அடிக்கிறது. அதனால் அல்புமின் ஒழுகுபவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுதல். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

சரி, செய்வதைச் சொல்கிறேன். சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கும் சாதாரணக் குச்சிக்குக் கொஞ்சக் கசிவு தெரியாது. ‘ஏசிஆர்’, அதாவது அல்புமினுக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது. தொடக்கத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, பெண்களுக்கு மாதவிலக்கு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

முதல் நாள் கடுமையான வேலையும் கூடாது. நான் அங்கேதான் கோட்டைவிட்டேன். மகன் வீட்டுக்கு இருட்டும்வரை சிமெண்டு மூட்டை தூக்கிவிட்டு மறுநாள் குப்பியைக் கொடுத்தேன், 6.1 என்று கூடுதலாக வந்தது. நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குப்பியை நன்றாக மூடிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். “ஏங்க, மீன் வைக்கிற இடத்திலா இதை வைப்பீங்க?” என்று வீட்டில் சண்டை வந்தது. இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றியபின் சமாதானம்.

இங்கே எண்ணை ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று போடுவார்கள். ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 3.5 தாண்டினால் கசிவு. 30 தாண்டினால் அதிகக் கசிவு. ஒரே தடவையில் முடிவு கட்டமாட்டார்கள். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் கணக்கு. எனக்கு அடுத்த இரண்டு முறையும் 3.4, 3.8. தப்பிக்க வழியில்லை.

பெரிண்டோபிரில் கொடுத்தார்கள். கொதிப்பையும் இறக்கும், கசிவையும் குறைக்கும். வறட்டு இருமல் வந்தது. நானாக நிறுத்தாமல் போய்ச் சொன்னேன், லோசார்ட்டானுக்கு மாற்றினார்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளையும் காட்டினேன். சிறுநீரகத்துக்கு ஆகாது என்று நிறுத்தச் சொன்னார்கள். கருவாட்டைக் குறைத்ததுதான் பெரிய கஷ்டம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999. ரத்தக் கட்டி அடைத்து வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அண்ணன், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடியும்வரை படுத்திருந்தார்.