தஞ்சமா, அடைக்கலமா, சரணா? புகலைக் குறிக்கும் சொற்களை இடமறிந்து எழுதுவது எப்படி

"நாட்டை விட்டுத் தப்பிய அமைச்சர் அண்டை நாட்டில் சரணடைந்தார்." இப்படி ஒரு வரி எழுதினால் செய்தியே மாறிவிடும். அவர் உயிருக்குப் பாதுகாப்புத் தேடிப் போனார் என்றுதான் சொல்ல வந்தோம். படிப்பவர் மனதிலோ தேடப்பட்ட ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன்னை ஒப்புக்கொடுத்த காட்சிதான் விரியும். 'தஞ்சமடைந்தார்' என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை.

அகராதியைப் புரட்டினால் அடைக்கலத்துக்குத் தஞ்சம், தஞ்சத்துக்குப் புகல், புகலுக்குச் சரண் என்று ஒன்றுக்கொன்று பொருளாகச் சுற்றி வரும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவதால்தான் பிழை வருகிறது. எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாக்கியம் யார் பக்கம் நின்று பேசுகிறது? ஓடி வந்தவர் பக்கமா, ஏற்றுக்கொண்டவர் பக்கமா, இல்லை அந்த இடத்தைப் பற்றியா?

ஏற்றுக்கொண்டவரின் பொறுப்பு முன்னால் நிற்கிறதென்றால் 'அடைக்கலம்'. இந்தச் சொல்லின் ஆழம் தெரியவேண்டுமானால் சிலப்பதிகாரத்துக்குப் போகவேண்டும். அதில் 15ஆவது காதையின் பெயரே அடைக்கலக் காதை. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கும் இடம் அது. கோவலன் கொலையுண்ட பிறகு மாதரி சொல்வது "அடைக்கலம் இழந்தேன்" என்பது. இன்றைய பொருளை வைத்து இதைப் படித்தால் 'எனக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று' என்று தவறாகப் புரியும். அவள் சொல்வது வேறு: காக்கச் சொல்லி என்னிடம் தந்ததை நான் இழந்துவிட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு நள்ளிரவில் தீயில் புகுந்து உயிரை விடுகிறாள். ஆக, அடைக்கலம் என்பது பாதுகாப்பு மட்டுமல்ல. பாதுகாக்கச் சொல்லி ஒப்படைக்கப்பட்ட பொருளும் ஆளும்கூட அடைக்கலம்தான். 'அடைக்கலப் பொருள்' என்ற தொடர் இந்தப் பழைய பொருளில் வருவது. இந்த ஒரு காட்சியை மனதில் வைத்திருந்தால் அடைக்கலத்தை எங்கே போடுவது என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏற்றவர் பதில் சொல்லவேண்டிய இடத்தில்தான் அது பொருந்தும்.

வேற்றுமை உருபும் இதற்கேற்பவே அமையும். கொடுக்கும்போது 'அவளுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள்', போகும்போது 'அவர்களிடம் அடைக்கலம் புகுந்தாள்'. பொறுப்பேற்றவரைச் சொல்வதால்தான் குற்றச் செய்திகளிலும் இது வருகிறது. குற்றவாளியை ஒளித்துவைத்தவர் 'அடைக்கலம் கொடுத்தவர்' ஆகிறார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 212ஆம் பிரிவு சொன்ன குற்றம் இதுவே. அங்கே 'தஞ்சம் கொடுத்தார்' என்று எழுதினால் ஒளித்தவர்மேல் இரக்கம் காட்டுவது போலாகிவிடும்.

கிறித்தவ வழக்கில் இந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 46ஆம் சங்கீதம் "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்று தொடங்குகிறது. கைப்பிழையாகக் கொலை செய்தவர் ஓடிப் பிழைப்பதற்கென ஒதுக்கிய 6 ஊர்களுக்கு அதில் 'அடைக்கலப்பட்டணங்கள்' என்று பெயர். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் அடைக்கல மாதாவுக்கு உரியது. அடைக்கலம், அடைக்கலராஜ் என்று ஆட்களின் பெயராகவும் வரும். அடைக்கலங்குருவி என்று ஊரில் சொல்வது சிட்டுக்குருவியைத்தான். ஓட்டிடுக்கிலும் இறவாணத்திலும் கூடு கட்டி மனிதரை அண்டியே வாழும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

வந்தவரின் கையறு நிலையைச் சொல்லவேண்டுமானால் 'தஞ்சம்'. தஞ்சம் புகு, தஞ்சமடை, தஞ்சம் கேள், தஞ்சம் கோரு, தஞ்சம் அளி எல்லாமே சரியான சேர்க்கைகள். 'வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தஞ்சம்' என்பது நல்ல தலைப்பு. உருவகமாகவும் இயல்பாக ஓடும்: 'இசையில் தஞ்சமடைந்தார்'. சுவடியோ சங்க நூலோ படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தொல்காப்பிய இடையியல் "தஞ்சக் கிளவி எண்மைப் பொருட்டே" என்கிறது. அங்கே எண்மை என்றால் எளிமை. பழம்பாட்டில் தஞ்சம் என்று கண்டவுடன் புகலிடம் என்று உரை எழுதிவிடக் கூடாது. 'அது எளிது' என்பதும் பொருளாக இருக்கலாம்.

'புகலிடம்' இடத்தைச் சொல்வது. புகு என்ற வினையடியிலிருந்து புகல், அதோடு இடம். நம்மாழ்வாரின் "புகல் ஒன்றில்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே" என்ற அடியில் பெயரும் வினையும் அடுத்தடுத்து வந்து வேரைக் காட்டிக்கொடுக்கின்றன. இதனால்தான் 'புகலிடம் புகுந்தார்' என்று எழுதினால் காதில் இடிக்கிறது. புகலிடம் தேடினார், கோரினார், பெற்றார் என்று எழுதுங்கள். 'பாதுகாப்பான புகலிடம்' என்பதும் வேண்டாத சுமை. பாதுகாப்பு இல்லாவிட்டால் அது புகலிடமே அல்ல. இன்னொரு வழுக்கல்: புகல் என்றால் 'சொல்' என்றும் பொருள் உண்டு, அதன் இறந்தகாலம் புகன்றார். தஞ்சத்தோடு வருவது புகுந்தார். 'தஞ்சம் புகன்றார்' என்று எழுதினால் அவர் ஏதோ பேசினார் என்றாகிவிடும்.

சட்டம் சார்ந்து எழுதும்போது இன்னும் கவனம் தேவை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 14ஆம் பிரிவில் தஞ்சம் கோரும் உரிமையைச் சொல்கிறது. கோருகிறவர் 'தஞ்சம் கோருபவர்' அல்லது 'புகலிடக் கோரிக்கையாளர்'. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகே ஆவணங்களில் அவரை 'அகதி' என்று குறிப்பது வழக்கம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி அகதி என்பவர் இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர். எல்லை தாண்டாதவரை அகதி என்று எழுதக் கூடாது. 'இடம்பெயர்ந்தோர்' என்பதே சரி. இலங்கைத் தமிழில் இந்த வேறுபாடு வெகு துல்லியமாகக் கையாளப்படுகிறது. மேலை நாடுகளுக்குப் புலம்பெயர்ந்த ஈழத் தமிழரின் பேச்சில் 'அசைலம் அடிச்சார்' என்றால் தஞ்சக் கோரிக்கை கொடுத்தார் என்று பொருள்.

அகதி என்ற சொல்லின் உள்ளே இருப்பது 'கதி', போக வழி. அது இல்லாதவர் அகதி. 'நீயே கதி' என்று சொல்வதும் அதே கதிதான். சொல்லிலேயே வலி இருப்பதால் தலைமுறைக் கணக்கில் இங்கேயே வாழ்பவர்களை அப்படி அழைப்பது அவர்களைப் புண்படுத்தும். தமிழக அரசு 2021இல் முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, அதையே எழுதுங்கள். 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்' என்ற பழமொழியைத் தஞ்சம் தேடி வந்தவர்கள்மேல் ஏவாதீர்கள். அது சொலவடை அல்ல, வசவு.

இனி 'சரண்'. வடமொழி வழியாக வந்த சொல். பக்தியில் இதற்கு உயர்ந்த இடம்: சரணாகதி, "புத்தம் சரணம் கச்சாமி", "சாமியே சரணம் ஐயப்பா". பக்திக்கு வெளியே வந்ததும் பொருள் திரும்பிவிடுகிறது. 'நீதிமன்றத்தில் சரண்', 'ஆயுதங்களுடன் சரணடைந்தனர்' என்பவற்றில் பணிதலே இருக்கிறது. மனிதர்களைப் பற்றிய செய்தியில் சரணடைதலை இந்தப் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பாடலில் பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வரும் சரணம் இதுவல்ல. அது பாதம் என்ற பொருளுள்ள வேறொரு வடசொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

விலங்கு, பறவைகளுக்கு மட்டும் சரண் பழைய இதத்தோடு நிலைத்திருக்கிறது: வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். முதுமலையை 'புலிகள் காப்பகம்' என்றே எழுதவேண்டும், ஏனென்றால் சரணாலயம், காப்பகம், தேசியப் பூங்கா மூன்றும் சட்டத்தில் தனித்தனி வகைகள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் காப்பகம்தான். புயல் நேரத்தில் மக்களைத் தங்கவைப்பது பாதுகாப்பு மையம் அல்லது நிவாரண முகாம்.

'அபயம்' ஆபத்தில் எழும் குரலுக்கு உரியது. பயமின்மை என்பது நேர்ப்பொருள். நடராசரின் முன் வலக்கை காட்டுவது அபய முத்திரை. அபயக் குரல் எழுப்பினார் என்று எழுதலாம், அபயம் கோரி விண்ணப்பித்தார் என்று எழுத முடியாது.

பேச்சில் இவற்றில் பாதிகூடத் தேவைப்படாது. மழைக்குக் கடை வாசலில் தஞ்சம் புகுவதில்லை, ஒதுங்குகிறோம். சொந்தக்காரர் வீட்டின் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்கிறோம். எல்லாக் கதவும் அடைத்துப்போனால் 'எனக்குப் போக்கிடம் இல்லை' என்கிறோம். கதையில் ஒரு பாட்டி "எனக்குப் புகலிடம் இல்லையப்பா" என்று பேசினால் பாட்டி மறைந்து எழுத்தாளர் தெரிவார். "எனக்கு ஒண்ட ஒரு இடம் இல்லையேப்பா" என்று சொல்ல விடுங்கள்.

கடைசியாக எழுத்துப்பிழை. வினை தொடர்ந்தால் 'ம்' அப்படியே நிற்கும்: தஞ்சம் கோரினார், அடைக்கலம் புகுந்தார். க, ச, த, ப-வில் தொடங்கும் பெயரோடு சேர்ந்து தொகையானால் 'ம்' கெட்டு ஒற்று மிகும்: தஞ்சக் கோரிக்கை, அடைக்கலப் பொருள். 'புகலிட கோரிக்கை' என்று ஒற்றில்லாமல் விடுவதுதான் அதிகம் கண்ணில் படும் பிழை. மாதா போல மெல்லினத்தில் தொடங்கினால் ஒற்று வராது, அடைக்கல மாதா. 'அடைகலம்' என்று ஒரு க் குறைந்தால் அடை வைக்கும் பாத்திரமாகிவிடும்.