மோட்டார்ஹோமில் குடியேறும் முன் வாசலிலேயே ஒரு வாரம் தூங்கிப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் மோட்டார்ஹோமை, அதாவது கட்டிலும் அடுப்பும் டாய்லெட்டும் வைத்த வண்டியை, யார் கண்ணுக்கும் படாமல் நிறுத்தி வைக்க முடியாது. காலையில் ரொட்டி சனாய் கட்டிக்கொண்டு போகிறவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவார். "அண்ணே, மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்பது முதல் கேள்வி. "உள்ளே ஏர்கோன் இருக்கா?" இரண்டாவது. "டாய்லெட்டு?" மூன்றாவது. அந்த டாய்லெட்டில் சேர்வதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று இந்த மூன்று வருடத்தில் கேட்டவர் ஒரே ஒருவர்தான், அவரும் ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர் (தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர்).

நானும் மனைவியும் வண்டியிலேயே குடியிருக்க ஆரம்பித்தபோது செய்த தவறுகளை எழுதுகிறேன், அடுத்தவர் செய்யப் பார்த்ததும் கொஞ்சம் உண்டு. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: சுற்றுலாக் கண்ணோடு வண்டியைப் பார்த்துவிட்டுக் குடித்தனம் நடத்த வாங்குகிறோம். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். இரண்டு அறை, பொதுப் பைப்பு, வெளியே கக்கூஸ், தலைக்கு மேல் தகரம். மோட்டார்ஹோம் என்பது சக்கரம் வைத்த லயம்தான், ஆனால் பளபளவென்று இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

நாங்கள் ஒத்திகை பார்த்தது கேமரன் மலையில். ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து பிரிஞ்சாங் பக்கம் இரண்டு இரவு தங்கினோம். ராத்திரி கம்பளி கேட்கிற குளிர், காலையில் பனிக்குள் தே தாரிக், ஜன்னலைத் திறந்தால் தேயிலை. இறங்கி வரும்போதே முடிவெடுத்துவிட்டோம். அந்தக் குளிரில் தகரப் பெட்டிக்குள் யார் வேண்டுமானாலும் தூங்கலாம் என்பது ஊருக்கு வந்து, மத்தியானம் 33, 34 டிகிரி வெயிலில் வண்டிக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அனலில்தான் புரிந்தது. அதனால் ஒத்திகையை மலையில் பார்க்காதீர்கள். சொந்த ஊரில், ஏப்ரல் மாதத்தில், உங்கள் வீட்டு வாசலிலேயே வாடகை வண்டியை நிறுத்தி ஒரு வாரம் இருங்கள். வீட்டுச் சாவியை அக்காவிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம், இல்லையென்றால் இரண்டாம் நாளே டாய்லெட்டுக்கு வீட்டுக்குள் ஓடுவீர்கள். முதல் ராத்திரி கொசு யார் என்று காட்டும். இரண்டாம் ராத்திரி மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பேசுவது கேட்காது. மூன்றாம் நாள், ஈரத் துண்டைக் காயப்போட இடமில்லை என்பது தெரியவரும், ஐந்தாம் நாள் அந்தத் துண்டின் நாற்றம் தலையணை வரைக்கும் வந்திருக்கும். இதையெல்லாம் தாண்டி எட்டாம் நாளும் இருவரும் பேசிக்கொண்டிருந்தால், சரி, வண்டி பார்க்கப் போகலாம்.

ஏர்கோனைப் பற்றி விற்கிறவர் சொல்வதை அப்படியே நம்பாமல் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்றால் அதில் ஏறக்குறைய 2,500 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. ஒரு குதிரைசக்தி ஏர்கோன் முழு மூச்சில் ஓடும்போது 800 வாட் போல இழுக்கும். இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. இரவுக்கு எட்டு மணி நேரம் இருக்கிறதே! கூரையில் 400 வாட் சோலார் இருக்கிறதே என்பீர்கள். நம் ஊரில் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம் இருந்தாலும் முழு வெயிலுக்குச் சமமாகக் கணக்கில் வருவது நான்கு மணி நேரம் சொச்சம், அதிலும் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மலிவு என்று பழைய ஈய-அமில பேட்டரி வாங்கினால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். 30 வாட் காற்றாடி பத்து மணி நேரம் ஓடினாலும் 300 வாட்-மணிதான். நாங்கள் கடைசியில் இரண்டு காற்றாடியும் கூரையில் காற்று இழுக்கும் விசிறி ஒன்றும் வைத்துக்கொண்டோம். ஏர்கோன் இருக்கிறது, கரண்டு இழுக்க இடம் கிடைக்கும் நாளில் மட்டும் அதற்கு வேலை.

நிழலுக்கும் சோலாருக்கும் ஜென்மப் பகை. நிழலில் நிறுத்தினால் பேட்டரி ஏறாது, வெயிலில் நிறுத்தினால் ஆள் வெந்துவிடுவார். பால்மரத்தடியில் (ரப்பர் மரம்) நிறுத்தலாம் என்று முதலில் ஆசைப்பட்டோம், சின்ன வயசு ஞாபகம். பழைய பால்மரக் கிளை காற்றுக்கு முறியும், காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும்போது கூரையில் யாரோ கல் எறிகிற மாதிரி இருக்கும். டுரியான் மரத்தடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள்ளே நிறுத்துவதும் வேண்டாம். தோட்டச் சாலை என்பது பொதுச் சாலை இல்லை, அனுமதி இல்லாமல் போனால் காவல்காரர் வந்து எழுப்புவார், அவர் வராவிட்டால் விடிவதற்குள் குலை ஏற்றும் லோரி வந்து எழுப்பும். செம்பனையில் எலி அதிகம், எலிக்குப் பின்னால் நாகம் வரும், ராத்திரியில் படிக்கட்டை விட்டு வெறுங்காலோடு இறங்காதீர்கள். மழை பெய்த செம்மண் சாலையில் மூன்று டன் வண்டியை இறக்கிவிட்டு டிராக்டரைத் தேடிப் போன ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யாருமில்லை, நான்தான்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லோரிகளின் பக்கவாட்டில் பி.டி.எம் (BDM), பி.டி.எம் (BTM) என்று இரண்டு எழுதியிருப்பார்களே, காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். BDM சரக்கோடு சேர்ந்த எடை, BTM வெறும் வண்டியின் எடை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் குடித்தனத்துக்கு மிச்சம், அதில் கட்டில், அலமாரி, பேட்டரி எல்லாம் ஏற்கனவே பெரும்பங்கைத் தின்றிருக்கும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. கேஸ் தோம்பு (சிலிண்டர்) 14 கிலோ என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும்தான், இரும்போடு தூக்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு. செம்பனை ஆயில் மில்லில் வேலை செய்யும் மைத்துனரிடம் சொல்லி, குலை லோரி வராத நேரமாகப் பார்த்து எடைமேடையில் எங்கள் வண்டியை ஏற்றினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் எண்ணைப் பார்த்தார். 240 கிலோ கூடுதல். "அண்ணே, உள்ளே என்ன, அம்மிக்கல்லா?" என்றார். உள்ளே உண்மையாகவே சின்ன அம்மி ஒன்றும் கல் கிரைண்டரும் இருந்தன. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அம்மி இறங்கியது, கிரைண்டர் இறங்கவில்லை, அதற்குப் பதிலாக என் கருவிப்பெட்டியில் பாதி இறங்கியது. எடை கூடினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், பின் டயர் சூடேறி வெடிக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பழைய வண்டி வாங்கும்போது பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மயங்காமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி: கார் ஓட்டும் சாதாரண டி லைசென்சில் வெறும் வண்டியின் எடை 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். சின்ன லோரியில் கட்டிய வண்டிக்குப் பின்னால் இரட்டை டயர் இருந்தால் டோலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம். வேனுக்குள் கட்டில் போட்டு அடுப்பு வைத்து மாற்றுவதற்கு ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும், பட்டறைத் தவுக்கே (முதலாளி) "அதெல்லாம் ஒண்ணும் இல்லே பாஸ்" என்று சொன்னாலும் வேண்டும். அனுமதித் தாளைக் கையில் வாங்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மாற்றத்தை இன்சூரன்சுக்கும் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் நஷ்ட ஈடு கேட்கப் போகிற அன்றைக்குத்தான் வினை.

இப்போது டிரெசர் கேட்ட கேள்வி, எங்கே கொட்டுவது? கேசட் டாய்லெட்டின் (தொட்டியை இழுத்தெடுத்துக் கொட்டும் வகை) தொட்டி 20 லிட்டருக்குள்தான் இருக்கும், இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம். அப்புறம்? இதைக் கொட்டுவதற்கென்றே தனி இடம் இங்கே தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. மழைநீர் போகும் கால்வாயில் கொட்டுவது அசிங்கம், குற்றமும்கூட, அந்தக் கால்வாய் யாரோ ஒருவர் மீன் பிடிக்கும் ஆற்றில்தான் போய் விழுகிறது. மலக்குழித் தொட்டி உள்ள வீட்டில் அல்லது கோயிலில் கேட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வரலாம். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் போனால்தான் இந்த வாழ்க்கை. கேசட்டில் ஊற்றும் மருந்திலும் கவனம் வேண்டும், ஃபார்மால்டிஹைட் கலந்தது மலக்குழியில் வேலை செய்யும் கிருமிகளையும் கொன்றுவிடும். நாங்கள் பகலில் பெட்ரோல் நிலையத்தையும் நெடுஞ்சாலை ஓய்விடத்தையும் பயன்படுத்திவிட்டு, கேசட்டை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். குளிப்பது வாளியில். ஷவர் திறந்தால் நான்கு நிமிடத்தில் முப்பது லிட்டர் போய்விடும், வாளியில் பத்து லிட்டர் போதும் என்று லயத்துப் பைப்படியில் வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேசும் புகையும் விளையாட்டு இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், தரை மட்டத்தில் ஓட்டை வேண்டும். நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்காதீர்கள், ஜெனரேட்டரைக் கதவோரம் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கித் தலைமாட்டில் மாட்டுங்கள், முதல் நாளே.

மருந்து எடுப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும், நம்மவர் வீட்டில் சர்க்கரை இல்லாதவர் யார்? திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பயன்பாட்டில் உள்ள பேனாவும் பொதுவாக 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பூட்டி நிறுத்திய வண்டியின் உள்ளே எவ்வளவு சூடு என்று முன்பே சொன்னேன். சின்ன ஃபிரிட்ஜில் குளிர்த்தகட்டை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலினும் குப்பைக்குத்தான். எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு ராத்திரி மின்சாரம் குறைந்து தானாக நின்றுவிட்டது, காலையில் மனைவியின் இரண்டு மாத மருந்தைத் தூக்கிப் போட்டோம். இப்போது ஃபிரிட்ஜுக்குள் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய வெப்பமானி ஒன்று கிடக்கிறது, நான் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் மருந்து முகப்பில் எஸ்.பி.யூ.பி என்று கேளுங்கள், வேறு ஊரில் உள்ள அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மிச்ச மருந்தை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்து தருவார்கள்.

பணம். 55 வயதில் ஈ.பி.எஃப் (தொழிலாளர் சேமநிதி) கைக்கு வந்ததும் அப்படியே வண்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி வீடு மாதிரி விலை ஏறாது, வாங்கிய நாளிலிருந்து இறங்கும். டீசல் விலையை எடுத்துக்கொள்ளுங்கள், 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் தாவியது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, மாதம் ஆயிரம் கிலோமீட்டர் போனால் அன்றைய கணக்கில் 120 வெள்ளி கூடுதல். வாரத்துக்கு ஓர் ஊர் என்று பறந்தால் சேமிப்பு புகையாகத்தான் போகும். நவம்பரிலிருந்து கிழக்குக் கரைப்பக்கம் போகாமல் இருப்பது நல்லது, வெள்ளக் காலம். கிரிக் - ஜெலி சாலையில் ராத்திரி ஒதுக்கி நிறுத்தித் தூங்காதீர்கள், அங்கே யானைப் பலகை சும்மா வைக்கவில்லை.

வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவது இன்னொரு தவறு. நாங்கள் விற்கத்தான் இருந்தோம், அம்மா விடவில்லை. "தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னப்போ உங்கப்பா எவ்வளவு அலைஞ்சாரு, இருக்கிற வீட்டை வித்துட்டு நீ வண்டியில போய்ப் படுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாடகைக்கு விட்டோம். அந்த வாடகைதான் இன்றைக்கு டீசல். அடையாள அட்டைக்கும் கடிதங்களுக்கும் ஒரு விலாசம் வேண்டுமே, அதற்குத் தங்கை வீடு.

சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரண்டு இழுக்கும்போது வயர்ச் சுருளை முழுதாகப் பிரித்துப் போடுங்கள், சுருட்டியபடியே ஏர்கோனுக்கு இழுத்தால் சூடேறி உருகும். தைப்பிங்கில் அத்தை வீட்டில் நான் உருக்கியிருக்கிறேன். புதுச் சுருள் வாங்கிக் கொடுத்தேன், அத்தையும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தோசை வைத்துக்கொண்டே, "ஏம்பா, அடுத்து எந்த ஊருக்குப் போறதா இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.